வண்டி கிளம்பியாச்சு

உட்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. கீழ டயர் கடை, கம்ப்ரஸர் சத்தம் கொஞ்சம் கேக்கும், பத்து நிமிஷத்துல பழகிரும். திண்டுக்கல்லுல இருந்து ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வந்திருக்கீங்க. திங்கக்கிழமை வர்றேன்னுதான் சொன்னீங்க, நாந்தான் இன்னைக்கே வாங்கன்னு வம்பு பண்ணுனேன். எனக்கு இன்னைக்கு வேலை இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. டீ சொல்லட்டா? சரி, அப்புறம் குடிப்போம்.

நாப்பது டாக்ஸின்னு போன்ல சொன்னீங்க. நாப்பதுக்கு இது தாராளம். இந்தா பாருங்க, இந்தப் பக்கம் மேப்பு, இந்தப் பக்கம் வரிசை. ஒரு போன் வந்து, எடுக்கற பொண்ணு அதைப் பதிஞ்சதும் செவப்பா ஒரு வரி விழும். கிட்டக்க எந்த வண்டி காலியா நிக்குதோ அதுக்குக் கம்ப்யூட்டரே குடுத்துரும். குடுத்ததும் மஞ்சள். டிரைவர் போய் ஆளை ஏத்தினதும் பச்சை. ஸ்கிரீன் பூரா பச்சையா இருந்தா அன்னைக்கு முதலாளி நிம்மதியாச் சாப்பிடலாம். இதான் சார் டிஸ்பாட்ச். மிச்சமெல்லாம் மேல தூவுற கொத்தமல்லி.

கேளுங்க.

மெசேஜா? கஸ்டமருக்கா? இல்ல சார், அது இதுல வராது. போட முடியாதுன்னு இல்ல. இருந்துச்சு, எடுத்துட்டேன். மத்த கம்பெனிக்காரன் எல்லாம் குடுக்கறான், தெரியும். இந்த ஒண்ணுக்காகவே மூணு பார்ட்டி எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்களும் போறதுன்னாப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா ஏன்னு கேட்டுட்டுப் போங்க.

இருங்க, போன் அடிக்குது. எங்க அக்கா. அடிக்கட்டும். ஒரே விஷயமாத்தான் இருக்கும்.

எங்க விட்டேன்? மெசேஜ். இதே மதுரைல ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி, பேரு வேண்டாம், இருபத்தெட்டு வண்டி. அவங்களுக்குத்தான் இந்த ஸாப்ட்வேரை முதல்ல பண்ணுனேன். அந்த முதலாளிக்கு ஒரே ஒரு தலைவலிதான். ஒரு இடத்துல ஆக்சிடென்ட்னா பதினஞ்சு பேரு போன் பண்றான். பதினஞ்சும் பதினஞ்சு செவப்பு வரியா விழுது, ஒரு ஆளுக்கு நாலு வண்டி ஓடுது. வேற இடத்துல உசுருக்குப் போராடுறவனுக்கு வண்டி இல்ல. இதுக்கு ஒரு வழி பண்ணு கதிரேசான்னாரு.

பண்ணுனேன். ஒரே தெருவுல இருந்து கால் மணி நேரத்துக்குள்ள எத்தனை போன் கால் வந்தாலும் அது ஒரே கால். டூப்ளிகேட்னு கம்ப்யூட்டரே முதல் காலோட சேர்த்துரும். ஒரே நம்பர்ல இருந்து வந்தா அரை மணி நேரத்துக்குப் புதுசா வரியே விழாது. பெரிய பெரிய கம்பெனில கூட இம்புட்டு சுத்தமா வராது சார். அந்த மாசமே வீண் ஓட்டம் பாதியாக் கொறைஞ்சுச்சு.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எங்க அக்காகிட்ட இருந்துதான். தனபாக்கியம்னு பேரு. அம்மா செத்தப்ப எனக்கு ஏழு வயசு, அதுக்குப் பதினாறு. அப்புறம் எனக்கு அதுதான் எல்லாம். அதுக்கு ஒரு பழக்கம். ஒரு விஷயத்துக்கு ஒரு போன் பத்தாது. மீன் கொழம்பு வச்சிருக்கேன் வர்றியாடான்னு ஒண்ணு. கிளம்பிட்டியாடான்னு ஒண்ணு. எங்கடா வர்றன்னு ஒண்ணு. ஒருநாள் எரிச்சல்ல நெனைச்சேன், இது மூணும் ஒண்ணுதானே, எதுக்கு மூணு தடவை எடுக்கணும்னு. அங்கயே ரூல் பொறந்துருச்சு. அக்காகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ‘என்னாலதான் பெரிய ஆளாகப் போறான்’னு தெருப்பூராச் சொல்லுச்சு.

அந்த வேலைல மச்சானும் எங்கூட உட்கார்ந்தாரு சார். அக்கா வீட்டுக்காரரு, முத்திருளப்பன். டவுன்பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவங்க ஊரு திருமங்கலத்துல எந்தச் சந்து எங்க முட்டும்னு அவருக்கு மனப்பாடம். அவரு சொல்லச் சொல்ல நான் தெருவெல்லாம் ஏத்துனேன். அவங்க தெரு அரை கிலோமீட்டர் நீளம், இந்த முனைல கல்யாண மண்டபம், அந்த முனைல இவங்க வீடு. ரெண்டாப் பிரிச்சு ஏத்துவோமான்னு கேட்டேன். ‘ஒரு ஸ்டாப்புக்கு எதுக்குடா ரெண்டு பேரு வைக்கற’ன்னாரு. கண்டக்டர் புத்தி. சரின்னு ஒண்ணாவே ஏத்திட்டேன்.

அப்புறம்தான் மெசேஜ். வண்டி எங்க, வண்டி எங்கன்னு சனம் திரும்பத் திரும்பக் கூப்பிடுதே, அதுக்கு என்ன பண்றதுன்னாரு முதலாளி. ஒரு சாயங்காலம் பூரா உட்கார்ந்து எழுதுனேன். ‘உங்கள் வண்டி கிளம்பியாச்சு. வந்துகொண்டிருக்கிறது. பதற வேண்டாம்.’ பாதி எழுத்துத் தமிழ் பாதி பேச்சுத் தமிழா இருக்குன்னு மச்சான் கிண்டல் பண்ணுனாரு. பதறிக்கிட்டு நிக்கறவனுக்கு இலக்கணம் எதுக்கு மச்சான்னேன்.

அது எப்பப் போகும்னு கேளுங்க. அதான் விஷயம். நியாயமாப் பார்த்தா டிரைவர் வண்டிய எடுத்ததுக்கு அப்புறம் போகணும். ஆனா டிரைவர் டீ கிளாஸை வச்சுட்டு, பட்டனைத் தட்டிட்டு ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்துலதான் சனம் மறுபடி கூப்பிடுது. அதனால பதிஞ்ச உடனே போற மாதிரி வச்சேன். டூப்ளிகேட்னு சேர்த்த காலுக்கும் போகும், அவங்களும் பதறக் கூடாதுல்ல. ரெண்டே ரெண்டு நிமிஷப் பொய் சார். ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்றதில்லையா? அந்த மாதிரி. கூப்பிடுறது அடியோட கொறைஞ்சுச்சு. முதலாளி எனக்கு ஆபீஸ்ல வச்சு மாலை போட்டாரு. எத்தனை ஸாப்ட்வேர்க்காரனுக்கு மாலை விழுந்திருக்கும், சொல்லுங்க?

அக்காகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். ‘உனக்கோ மச்சானுக்கோ ஏதாவதுன்னா என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காத. அந்த ஆம்புலன்ஸ் நம்பரைக் கூப்பிடு. மெசேஜ் வந்துச்சுன்னா வண்டி வந்துருச்சுன்னு அர்த்தம்.’ நாந்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம், ஒரு முகூர்த்த நாள். காலைல பதினோரு மணி. அந்த மண்டபத்துல காதுகுத்து. கூட்டம், புழுக்கம், ஒரு பெரியவரு பசி மயக்கத்துல சாஞ்சுட்டாரு. அஞ்சு பேரு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டாங்க. அதுல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் ஒரே வரியாச் சேர்ந்துருச்சு. ஒரு வண்டி கிளம்புச்சு. ஸாப்ட்வேர் அதோட வேலையைச் சரியாப் பார்த்துச்சு, நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

அந்த அஞ்சுக்கு அடுத்த கால் எங்க அக்கா.

மச்சானுக்கு நெஞ்சு வலி. சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டு இருந்தவரு அப்படியே கீழ உட்கார்ந்துட்டாரு. அக்கா அந்த நம்பரைக் கூப்பிட்டுச்சு. எடுத்தது நாகஜோதின்னு ஒரு பொண்ணு, உசிலம்பட்டி பக்கம், நல்ல பொண்ணு. தெருப் பேரைப் போட்டதும் கம்ப்யூட்டர் டூப்ளிகேட்னு காட்டிருச்சு. ‘வண்டி வந்துக்கிட்டு இருக்கும்மா’ன்னு அது சொல்லுது. அக்கா போனுக்கு மெசேஜ் போயிருச்சு. உங்கள் வண்டி கிளம்பியாச்சு.

இதைக் கேளுங்க சார். பக்கத்து வீட்டு சிக்கந்தர் பாய் ஆம்னி வேன் வச்சிருக்காரு. சத்தம் கேட்டுச் சாவியோட ஓடி வந்தாரு. ‘தூக்குங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி’ன்னாரு. அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘வேண்டாம் பாய். ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு. இந்தா மெசேஜே வந்துருச்சு. அதுல ஆக்ஸிஜன் எல்லாம் இருக்கும். எந்தம்பி பண்ணுனது.’ போனைக் காட்டியிருக்கு. அவரு பாவம், ஸ்டேஷன்ல ஒரு குடும்பத்தை ஏத்த ஒத்துக்கிட்டு இருந்தாரு, ரயில் வந்துருச்சு. ஆம்புலன்ஸ் வருதுல்லன்னு கிளம்பிப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல சைரன் சத்தம் கேட்டுருக்கு. அக்கா வாசலுக்கு ஓடிருக்கு. சத்தம் தெருவுக்குள்ள வருது, கிட்ட வருது, மண்டபத்துக்கிட்ட நிக்குது. வழி தெரியாம நிக்கறான்னு அக்கா இங்கிருந்து கையக் காட்டிக்கிட்டே இருந்திருக்கு. அப்புறம் சத்தம் திரும்பிப் போயிருச்சு. ‘சத்தம் வந்துச்சுடா கதிரு. அப்புறம் போயிருச்சுடா.’ ஆஸ்பத்திரி வராண்டாவுல இதை மட்டும்தான் எங்கிட்டச் சொல்லுச்சு. அழுகை கூட இல்ல. வந்துச்சுடா, போயிருச்சுடா.

ரெண்டாவது தடவை கூப்பிடுது. ‘உங்க தெருவுலதாம்மா வண்டி நிக்குது’ன்னு நாகஜோதி சொல்லுது. மறுபடியும் மெசேஜ். மூணாவது தடவை கூப்பிடுது. அதுக்குள்ள வரி பச்சையாயிருச்சு. ‘ஏத்தியாச்சேம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்காங்களே’ங்குது அந்தப் பொண்ணு. அந்த ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கு சார். எங்க அக்கா கத்துது: ‘யாரைடி ஏத்துனீங்க? எம்புருஷன் எம்மடியில கெடக்காருடி!’

அப்பத்தான் அந்தப் பொண்ணுக்கு விளங்குச்சு. உடனே புது வரி போடப் பார்த்துச்சு. விழல. அக்கா நம்பரைப் போட்டா டூப்ளிகேட்டுன்னு தள்ளுது. தெருவைப் போட்டா அதுவும் தள்ளுது. என்னோட ரூல். நாலஞ்சு நிமிஷம் அதோட மல்லுக்கட்டிருக்கு. கடைசில என்ன பண்ணுச்சு, அடுத்த தெருப் பேரைப் போட்டு, தன்னோட சொந்த செல் நம்பரைப் போட்டு ஒரு பொய்க் கால் பதிஞ்சுச்சு. அப்பத்தான் செவப்பு வரி விழுந்துச்சு. ஆனா கிட்டக்க இருந்த ஒரே வண்டி காதுகுத்துப் பெரியவரை ஏத்திட்டுப் போயிருச்சு. அடுத்தது மதுரைல இருந்து வரணும். ஆக மொத்தம் முப்பத்தெட்டு நிமிஷம். அது வர்றதுக்குள்ள தெருக்காரங்க ஒரு லோடு ஆட்டோல போட்டுத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. அந்த லோடு ஆட்டோவுலயே மச்சான் போயிட்டாரு.

பெரியவரா? அவருக்கு ஒண்ணும் இல்ல சார். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு மத்தியானப் பந்திக்கு வந்துட்டாரு.

இதா, மறுபடி அடிக்குது. அக்காதான். இருக்கட்டும் சார், ஒண்ணும் அவசரம் இருக்காது. நான் சொல்லி முடிச்சிர்றேன்.

நானா? நான் அன்னைக்குச் சென்னைல ஒரு பார்ட்டிக்கு இதே ஸாப்ட்வேரைக் காட்டிக்கிட்டு இருந்தேன். அக்கா நம்பரு வந்துச்சு. கட் பண்ணுனேன். மறுபடி வந்துச்சு. மறுபடி கட் பண்ணுனேன். அந்தக் காதுகுத்துக்கு மொய் எழுதச் சொல்லி முந்துன நாள்ல இருந்து அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்குத்தான்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனைப்பான்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே வெறி. எங்க தப்புன்னு பார்த்துரணும். எங்க வழக்கப்படி புருஷன் செத்தா பொறந்த வீட்டுக்காரன்தான் கோடிச் சேலை கொண்டாந்து போடணும். அக்காவுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். நான் என்ன பண்ணுனேன்? ராத்திரியோட வந்து இறங்குனவன், விடிஞ்சு ஆஸ்பத்திரில இருந்து நேரா அந்த ஆம்புலன்ஸ் ஆபீஸுக்குப் போயி கம்ப்யூட்டர்ல பதிவான லாக் பார்க்க உட்கார்ந்துட்டேன். எந்த நிமிஷம் எந்தப் பட்டன். வரி வரியா. மத்தியானம் எடுக்கப் போறாங்கன்னு சித்தப்பா மகன் போன் மேல போன் போட்டான். இந்தா வர்றேன், இந்தா வர்றேன்னு சொன்னேன். கடைசில அவந்தான் சார் கடைல ஓடிப் போயி ஒரு சேலை எடுத்து அக்கா மேல போட்டான். நான் போறப்ப வீடு கழுவி விட்டிருந்தாங்க.

மூணாம் நாள் முதலாளி கேட்டாரு, ஸாப்ட்வேர்ல தப்பான்னு. இல்லன்னு எழுதிக் குடுத்தேன். லெட்டர்ஹெட்ல, கையெழுத்துப் போட்டு. ‘மென்பொருள் விதிப்படி இயங்கியுள்ளது. பணியாளர் தவறான எண்ணைப் பதிவு செய்துள்ளார்.’ பொய் இல்ல சார், லாக்குல அப்படித்தான் இருக்கு. நாகஜோதிய வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அன்னைக்கு அந்த ஆபீஸ்ல எங்க மச்சானுக்காக ரூலை மீறுன ஒரே ஆளு அதுதான்.

அப்புறம் அந்த மெசேஜை எடுத்தேன். கடப்பாரைய முழுங்கிட்டுச் சுக்குக் கஷாயம் குடிச்ச கதைதான். ஆனா எடுத்துட்டேன். இனிமே என் ஸாப்ட்வேர்ல இருந்து கிளம்பாத வண்டியைக் கிளம்பியாச்சுன்னு ஒருத்தனுக்கும் ஒரு சொல்லு போகாது. அதான் சார் விஷயம். இஷ்டம்னா வாங்குங்க, இல்லாட்டிப் போங்க.

அக்காவா? நல்லா இருக்கு. எப்படி நல்லா இருக்கும், இருக்கு. ஒரு வார்த்தை திட்டல சார் என்னைய. அதான் கொடுமை. ஏண்டா போனைக் கட் பண்ணுனன்னு கேக்கல. கோடி போட ஏண்டா வரலன்னு கேக்கல. திட்டிட்டா ஒரு மூச்சு அழுதுட்டு முடிஞ்சிரும்ல? ஞாயித்துக்கிழமை ஆனா போன் வருது. நான் எடுக்கறதில்ல. எடுத்தா கேட்ரும்னு பயம். ரெண்டு வருஷமா வருது சார், ஒரு வாரம் தப்பாம. தீபாவளிக்குப் பஸ்ல முறுக்கு குடுத்து விடுது. கறிவேப்பிலைப் பொடி குடுத்து விடுது. உள்ளுக்குள்ள அந்தக் கேள்விய வச்சுக்கிட்டு முறுக்கு குடுத்து விட்டா யாருக்கு இறங்கும்? எல்லாம் ஒரே கால்தான் சார். ஒண்ணை எடுத்தா என்ன, நூறை எடுக்காட்டி என்ன.

இன்னைக்கு மட்டும் ஏன் இத்தனை தடவைன்னு கேக்கறீங்களா? இன்னைக்கு மச்சானுக்கு ரெண்டாம் வருஷத் தெவசம். போன வருஷம் போகல, ஒரு பார்ட்டிக்கு டெமோ இருந்துச்சு. இந்த வருஷம் சித்தப்பா மகன்கிட்டச் சொல்லி விட்டுச்சு. ‘தம்பி வந்து இலை போட்டாத்தான் படைப்பேன். அவன் வர்ற வரைக்கும் காக்காய்க்குக் கூட வைக்க மாட்டேன்.’ பதினோரு மணிக்குப் படைக்கணும். இப்ப மணி என்ன? பன்னண்டே கால். வச்சிருக்கும் சார். இம்புட்டு நேரம் யாரு காத்துக்கிட்டு இருப்பா.

திருமங்கலம் அரை மணி நேரம்தான். ஆமா. பஸ் நெறைய இருக்கு. ஆனா நீங்க வந்திருக்கீங்கள்ல. வந்தவங்களை விட்டுட்டு எப்படிப் போறது?

இந்தா, மறுபடியும். விட மாட்டேங்குது பாருங்க. சார், ஒரு உதவி. நீங்க கொஞ்சம் எடுத்துப் பேசுங்களேன். வேற ஒண்ணும் வேண்டாம். அவரு கிளம்பியாச்சு, வந்துக்கிட்டு இருக்காரு, பதற வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும், அக்கா சமாதானம் ஆயிரும்.

பிடிங்க சார். கட் ஆயிரப் போகுது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

நான் இப்ப என்ன சொன்னேன்?

குடுங்க சார். இல்ல, எங்கிட்டக் குடுங்க. நானே பேசறேன். எந்தப் பக்கம் இழுக்கணும் இதை… ம்.

அக்கா. ஆமாக்கா, நாந்தான். கதிருதான்… இல்லக்கா. இன்னும் கிளம்பலக்கா.